அப்பா போட்ட ஓட்டு

வெள்ளி, இரவு.

அப்பாவின் தபால் ஓட்டை வாங்கத் தேர்தல் ஆணையத்தின் ஆட்கள் வீட்டுக்கே வந்தார்கள். அப்பாவுக்குப் பார்வை இல்லை. துணைக்கு ஒருவர் இருந்து குறித்துத் தரலாம் என்றார்கள். எழுந்தேன்.

"நீ வேணாம். மருமவ வரட்டும்" என்றார் அப்பா.

பதினோரு வருடமாகச் சோறு போடுபவன் நான். சுயேச்சையாக நிற்கும் தம்பி, நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டு போனவன். அவனுக்கா போட்டார்?

சாப்பிடும்போது மனைவியைக் கேட்டேன்.

"யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக்கீறேன்."

"நான் உன் புருஷன்."

"அந்த ஃபாரத்துல புருஷனுக்குன்னு தனியா எடம் வுடலீங்க."

சிரித்துக்கொண்டே இன்னொரு தோசை வைத்தாள்.

தபால் ஓட்டுகளைத் தனியாக எண்ணுவார்கள். அதில் தம்பிக்குப் பூஜ்யம் என்றால் எனக்குப் போதும். ஒன்றே ஒன்று விழுந்திருந்தாலும், அது யாருடையது என்று கடைசிவரை தெரியப்போவதில்லை. பக்கத்து அறையில் அப்பா இருமுகிறார். இன்னும் தூங்கவில்லை.