படி நெறையல

தாராவி, பம்பாய்
12-10-1959

பொன்னியம்மாவுக்கு கன்னையா எழுதறது. நான் நல்லாக்கீறேன். நைனாவுக்கும் அம்மாவுக்கும் என் கும்பிடு சொல்லு. நைனாவுக்குக் கால்வீக்கம் வடிஞ்சுதா? நம்ம ஊரு பாலசமுத்திரம் ஆந்திராவுக்கா மெட்ராசுக்கான்னு இங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. கவர்மேல ரெண்டையும் எழுதிக்கீறேன், எப்படியும் வந்து சேரும்.

அங்க புத்தூர் சந்தையில படி அரிசி பன்னெண்டணா, இங்கயும் சேரு பன்னெண்டணாதான், ஆட்ட வித்துட்டு கொழந்தையோட வந்துடுன்னு போன கடுதாசியில எழுதினேன் இல்ல? அதுல ஒரு கூத்து. இங்க அரிசிய அளக்கறதில்ல, தராசுல நிறுத்துத் தரான். அந்தச் சேரும் நம்ம படியும் ஒண்ணுன்னு நெனச்சிக்கினு இருந்துட்டேன். பக்கத்து ரூம் திருநெல்வேலி அம்மாகிட்ட ஊர்ப்படி ஒண்ணு கீது. முந்தாநேத்து ஒரு சேரு அரிசிய அதுல கொட்டினேன். பாதிக்குக் கொஞ்சம் மேலதான் வந்திச்சி. தட்டிப் பார்த்தேன், இன்னும் எறங்கிச்சி. அந்தம்மா சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்.

என் கூலியில மூணு பேரு துன்ன முடியாது பொன்னி. இப்போ வராத. ஆட்ட இன்னும் விக்கலன்னா விக்காத. வித்துட்டேன்னா எனக்கு எழுதாத.

நம்ம ஊரு கங்கையா இங்க வேலைக்கு வரானாமே, அவன்கிட்ட கொஞ்சம் புளியும் நம்ம ஊட்டு ஆழாக்கும் குடுத்தனுப்பு. இனிமே அளந்துதான் ஒலையில போடணும். நைனாகிட்ட இதெல்லாம் சொல்லாத.

மில்லு சங்கு ஊதறான், கெளம்பறேன். கொழந்த ரயிலு எப்பன்னு கேட்டா, தீவாளி கழிச்சின்னு சொல்லு. எந்தத் தீவாளின்னு சொல்லாத.

கன்னையா