மாத்திரை தொடாத வீடு

செவ்வாய், நவம்பர் 4

விடிந்ததிலிருந்து மழை. வெள்ளைச் சேலை இரண்டும் ஈரம்.

ஜெமிமாவுக்கு இன்று காய்ச்சல் இல்லை. தோசை கேட்டாள். அழுதுவிட்டேன். "ஸ்தோத்திரம் சொல்லாம இன்னாத்துக்கு அழுவுற?" என்றார் இவர்.

எங்கள் சபையில் மருந்து தொடக் கூடாது. ஜெபம் மட்டும்தான். இவர் அங்கே பாட்டு நடத்துகிறவர், எங்கள் வீட்டில் தலைவலித் தைலம்கூடக் கிடையாது. போன வாரம் பிள்ளை உடம்பு நெருப்பாய்க் கொதித்தபோது கிருமாம்பாக்கம் மெடிக்கலில் மாத்திரை வாங்கி வந்து, வெல்லத்தோடு பொடித்துக் கொடுத்தேன். மிச்சம் ஒன்று பைபிள் உறைக்குள். இங்கேயாவது உண்மையை எழுதி வைக்கிறேன்.

வாங்க: புளி, சீயக்காய், பால்.

புதன் 5

மாலைக் கூட்டம். பாஸ்டர் ஐயா: "சிஸ்டர் எஸ்தர், எழுந்து சாட்சி சொல்லுங்கம்மா." இவர் என்னையே பார்த்தார். எழுந்தேன். "மருந்தில்லாம ஆண்டவர் என் பிள்ளைக்குச் சுகம் கொடுத்தார்." ஒரே கைதட்டல். வெட்கங்கெட்டவள் நான்.

வியாழன் 6

மழை விட்டது. அரிசியில் வண்டு.

குழாயடியில் சரசு அக்கா. சபைக்குப் புதிது. மகள் அபிக்கு வலிப்பு, தினமும் மாத்திரை. இன்று முகமெல்லாம் சிரிப்பு. "உன் சாட்சியக் கேட்டதும் எனக்கு தைரியம் வந்துடுச்சி எஸ்தரு. அபிக்கு மாத்திரைய நிறுத்திட்டேன்."

குடம் வழிந்ததுகூடத் தெரியவில்லை. "வேணாங்க்கா, நிறுத்தாத."

"இன்னாடி இது! உன் பொண்ணுக்கு கர்த்தரு, என் பொண்ணுக்கு மாத்திரையா?"

கோபித்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. பயம். வேறென்ன.

வெள்ளி 7

அபி ஸ்கூலில் விழுந்துவிட்டாள். வலிப்பு. நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். பாஸ்டர் ஐயா வந்து ஜெபித்து, "விசுவாசத்துல உறுதியா நில்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாராம். மாத்திரை இன்னும் கொடுக்கவில்லை.

ஓடினேன். எல்லாம் சொன்னேன். "மாத்திரைதாங்க்கா குடுத்தேன். நான் சொன்னது பொய்ச் சாட்சி."

சரசு அக்கா அடுப்பை அணைத்தாள். பிறகு, "எல்லார் முன்னாடியும் ஒண்ணு சொன்ன. இங்க என் அடுப்பாண்ட வந்து வேற சொல்ற. எதைடி நம்புறது? சபையில சொல்லு, நம்புறேன்."

சனி 8

இவரிடம் சொல்லிவிட்டேன். அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "சபையில வாயத் தொறந்தினா இந்த வூட்டுப் படி ஏறாத. பொண்ணையும் மறந்துடு" என்றார். மோர் கேட்டார். ஊற்றினேன்.

ஜெமிமாவுக்குப் பேன் பார்த்தேன். சீப்பு உடைந்தது. பொட்டும் தோடும் கழற்றிவிட்டு இந்தச் சபைக்கு வந்தவள் நான். அன்றிலிருந்து அம்மா வீட்டில் யாரும் பேசுவதில்லை. எங்கே போவேன்? ஆண்டவரே, எனக்கு வேறு வழியே வைக்கவில்லையா?

ஞாயிறு 9

சரசு அக்கா வீட்டு வாசல்படி. மறுபடி மழை.

காலையில் சாட்சி நேரம். எழுந்தேன். "நான் என் பிள்ளைக்கு..." என்று ஆரம்பித்ததும் இவர் பாட்டை எடுத்துவிட்டார். தபேலா, கைதட்டல். கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பைபிள் உறையிலிருந்து மாத்திரையை எடுத்தேன். எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டி வாயில் போட்டு விழுங்கினேன். தண்ணீர் இல்லை, தொண்டையில் சிக்கிக் கசந்தது. பாட்டு நின்றது. "சாத்தான்!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல். சரசு அக்கா எழுந்து அபியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

அபிக்கு மாத்திரை கொடுத்தாயிற்று. என் கண் முன்னால் விழுங்கினாள். இப்போது தூங்குகிறாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பூட்டு. இவர் கதவைப் பூட்டிவிட்டுச் சபைக்கே திரும்பிப் போய்விட்டார். ஜெமிமா உள்ளே. ஜன்னல் கம்பி வழியே கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, குளுருதும்மா."

கை சுட்டது. நெற்றியும். மறுபடி அதே கொதிப்பு.

இருந்த ஒன்றையும் நான்தான் விழுங்கினேன். சரசு அக்காவிடம் குடை கேட்டிருக்கிறேன். கிருமாம்பாக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை மெடிக்கல் திறந்திருக்குமா