கடைசியில் மாலை விழாத புத்தகம்

நாவற்குடா,
ஆடிச் செவ்வாய்.

அன்புள்ள நிலோஜனின் அப்பாவுக்கு,

நாங்கள் இங்கே சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். அதில் பாதிதான் உண்மை. கட்டாரில் வெயில் நெருப்பாகக் கொட்டுகிறதாம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் பாதி சொல்ல முன்னமே மீதியை நீங்கள் சொல்லி முடித்துவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா? அதோடு வீடு சின்னது, நான் பேசுவதெல்லாம் மகன் காதில் விழும். காத்தான்குடி றிஸான் லீவு முடிந்து அங்கே திரும்புகிறார். அவர் கையில்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

சிறுபோக வெள்ளாமை இந்தமுறை பழுதில்லை. கச்சான் காற்றின் சூட்டுக்குக் கதிரெல்லாம் முற்றிக் காய்ந்து நிற்கிறது. அடுத்த கிழமை நம் வயல் வட்டையில் வெட்டு மெஷின் இறங்கும் என்று அண்ணன் சொன்னார். வயலுக்கு வாங்கி வைத்திருந்த பூச்சி மருந்துப் போத்தல்கள் எல்லாவற்றையும் அண்ணன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். இனி அவை நம் வீட்டில் இருக்கக் கூடாது. ஏன் என்று கேட்காதீர்கள்.

இனி மகனுடைய கதை. போன ஆவணியில் மண்டூர்த் திருவிழா பார்த்துவிட்டு வரும்போது றோட்டில் படுத்திருந்த மாட்டில் அவனுடைய மோட்டார் சைக்கிள் மோதியதும், பின்னால் இருந்த அவன் கூட்டாளி விஜிதரன் அந்த இடத்திலேயே போனதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதற்குப் பிறகு இந்த வீட்டில் நடப்பதுதான் உங்களுக்குத் தெரியாது. படித்துக்கொண்டிருந்த கோர்ஸை விட்டுவிட்டான். கூப்பிட்டால் வந்து சாப்பிடுவான், இல்லாவிட்டால் அறைக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, கதவைத் திறந்து பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

நீங்கள் என்ன சொன்னீர்கள்? நல்ல புத்தகங்கள் வாங்கிக் கொடு, வாழ்க்கையில் முன்னுக்கு வந்தவர்களின் கதையை வாசித்தால் தைரியம் வரும் என்றீர்கள். பேப்பரில் கிரிக்கெட் பக்கத்தைத் தவிர வேறொன்றையும் திரும்பிப் பார்க்காத பிள்ளைக்குப் புத்தகமாம்! ஆனாலும் கட்டின புருஷன் சொல்லைத் தட்டலாமா? டவுனுக்குப் போய் மூன்று புத்தகம் வாங்கினேன். மூன்றின் அட்டையிலும் கோட்டுப் போட்ட ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். கொண்டுவந்து அவன் மேசையில் வைத்தேன். தூசு தட்டினது மட்டும்தான் மிச்சம்.

அவன் வாசிக்காவிட்டால் என்ன, நான் வாசித்துக் காட்டுகிறேன் என்று தொடங்கினேன். கோயிலில் புராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டைப் படிக்க, மற்றவர் அதன் கருத்தை விளக்கிப் பயன் சொல்லுவாரே, அதைக் கேட்டு வளர்ந்தவள்தானே நான். பயன் சொல்லாத படிப்பு உப்பில்லாத கறி என்பது என் நினைப்பு. அவன் சாப்பிட உட்காரும்போது பக்கத்தில் இருந்து புத்தகத்தில் ஒரு பந்தி, நாலைந்து வரி, வாசிப்பேன், கையோடு பயனும் சொல்லுவேன். “பாத்தியா மனே, விழுந்த மனிசன் எழும்பிட்டார். உன்னாலயும் ஏலும்” என்பேன். சாப்பாட்டுக் கோப்பையில் சோறு மிஞ்சத் தொடங்கியது. நான் விடவில்லை.

ஒருநாள் கையை உதறிவிட்டு எழுந்தான். “அம்மா, படிக்கிறதெண்டாப் படிங்க, பயன் சொல்லாதீங்க. இதில எல்லாரும் கடைசியில வெண்டு, மாலை போட்டுக்கொண்டு நிக்கிறாங்க. விஜி எங்க நிக்கிறான்?” என்று கேட்டான். குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து அழுதேன்.

மறுபடியும் கடைக்குப் போனேன். இந்தமுறை ஒவ்வொரு புத்தகத்திலும் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தேன். மாலை, பாராட்டு, பெரிய வீடு என்று வந்தால் மூடி வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பேன். கடையில் நிற்கும் பிள்ளை சப்னாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “என்ன அன்டி, எல்லாரும் வெண்ட கதை கேட்டு வாறாங்க, நீங்க தோத்த கதையா தேடுறீங்க?” என்றாள். “தோத்துப்போயும் உசிரோட இருந்த ஆக்கள்ர கதை இரிக்கா மகள்?” என்று கேட்டேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தானும் என்னோடு சேர்ந்து தேடினாள். அடித்தட்டில் மங்கிய அட்டையோடு ஒரு மெல்லிய புத்தகம் கிடைத்தது. மலைநாட்டில் லொறி ஓட்டிய ஒரு மனிதர் தன் கதையைத் தானே எழுதியது. அவருடைய லொறியில் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று அடிபட்டு இறந்துவிடுகிறது. கோர்ட்டில் அவரை விட்டுவிடுகிறார்கள், ஆனால் அவர் தன்னை விடவில்லை.

இதைப் பயன் சொல்லாமலே வாசித்தேன். வாயை மூடிக்கொண்டிருக்க நான் பட்ட பாடு உங்களுக்கு விளங்கும். அவன் கோப்பையில் சோறு மிஞ்சவில்லை. அந்த லொறிக்காரர் பல வருடம் கழித்து இறந்த பிள்ளையின் வீட்டு வாசலில் போய் நிற்கிறார். அந்தத் தாய் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மழை வருகிறது, உள்ளே வந்து நில்லுங்கள் என்கிறார். அந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். அவன் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி மீதியைத் தானே வாசித்தான். நம்முடைய நிலோஜன்தான்.

அடுத்த நாள் காலையில் வந்து, “விஜிட ஆட்டைத் திவசம் எப்ப அம்மா?” என்று கேட்டான். வருகிற ஆவணியில், ஒரு வருடம் முடிகிற நாளில் என்றேன். “நான் போகோணும். ஆனா, அந்த வாசலுக்குப் போகிற தகுதி எனக்கில்லையெண்டு அப்பாவே சொல்லிட்டார்” என்றான்.

அப்பா அப்படி எங்கே சொன்னார் என்று திகைத்துப் போனேன். பிறகுதான் நினைவு வந்தது. செத்தவீட்டுக்குப் போக அவன் தலையில் கட்டோடு வெளிக்கிட்டு நின்றபோது நீங்கள் போனில், “அந்த வீட்டுப் பக்கம் தலை வைக்காத” என்றீர்கள். அடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் சொன்னது. கடலுக்கு அப்பால் இருக்கிற தகப்பன் வேறு என்ன சொல்வார்? எனக்கு அது விளங்கியது, அவனுக்கு விளங்கவில்லை. அவன் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு இத்தனை மாதம் அறைக்குள் கிடந்திருக்கிறான்.

நான் அவனோடு போவேன். குருமண்வெளியில் பாதைப் படகு ஏறி வாவியைக் கடந்து அந்த வீட்டு வாசல் வரைக்கும் போவேன். விஜிதரனின் அம்மா புஸ்பம் அக்கா கதவைத் திறப்பாரோ, மண்ணை அள்ளித் தூற்றுவாரோ, எனக்குத் தெரியாது. பெற்ற வயிறு எரிகிற இடம், என்ன செய்தாலும் அவரில் குறை சொல்ல முடியாது. ஆனால் என்ன நடந்தாலும் அதைத் தாங்கிக்கொண்டு இவன் வீடு திரும்ப வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இனிப் புத்தகம் ஒன்றும் வேண்டாம். ஆவணிக்கு வர லீவு கேட்டுப் பாருங்கள், முதலாளியின் கையைப் பிடித்துக் கெஞ்சியாவது கேட்டுப் பாருங்கள். தராவிட்டால் அவனைப் போனில் கூப்பிடுங்கள். புத்தி சொல்ல வேண்டாம், அன்று ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்கவும் வேண்டாம். “போயிட்டு வா மகன்” என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அவன் திரும்பி வருவான்.

உங்கள் குரலுக்காகக் காத்திருக்கும்,
கேதீஸ்வரி.