அப்பாவின் பத்து விரல்கள்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும், இன்னும் முகம் காட்டாத அந்தக் குட்டி ஆளும் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். தினமும்தான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உன் அம்மா என்னை எங்கே பேச விடுகிறாள்? வீடியோவில் என் காது மட்டும்தான் தெரிகிறது என்று நீயே சொன்னாய். என் விரல் விஷயத்தை அவள் உன்னிடம் எந்த லட்சணத்தில் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அதில் பாதியைக் கழித்துவிட்டு, மீதியை இந்தக் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்.

விசா அலுவலகத்தில் முதல் தடவை நடந்தது இதுதான். உன் அம்மா ரேகை எடுக்கும் கண்ணாடி மேல் விரலை வைத்தாள், டக்கென்று பச்சை விளக்கு எரிந்தது, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவள் மாதிரி எழுந்து வந்தாள். நான் வைத்தேன், சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தேன், மறுபடி சிவப்பு. கவுண்டரில் இருந்த பெண் ஈரத்துணி கொடுத்தாள், கிரீம் கொடுத்தாள், கடைசியில் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன சார் இது, விரல்ல தோலே இல்லையே, ரேகைய நான் எங்க போய்த் தேடுவேன்?" என்றாள். வேலை டென்ஷன் வந்தால் விரல் நுனித் தோலைக் கிள்ளிக் கிள்ளிப் பிய்ப்பேன் என்பது நீ சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான், ஆனால் அது உன் பிரசவத்துக்கும் எனக்கும் நடுவில் வந்து நிற்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. தோல் ஆறியதும் வாருங்கள் என்று அடுத்த மாதத்தில் ஒரு தேதி கொடுத்தார்கள், அதையும் விட்டால் குழந்தை பிறப்பதற்குள் விசா கிடைக்க வழியே இல்லையாம், உன் அம்மா மட்டும்தான் கிளம்ப வேண்டியிருக்கும். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து டிக்கெட்டை மடித்துப் பர்ஸில் வைத்தாள். பிறகு, "வேற யாராவது உங்களைத் தடுத்தா சண்டை போடலாம், உங்க கையே தடுத்தா நான் யார்கிட்ட போய்ச் சண்டை போடுறது?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், அவ்வளவுதான்.

இவ்வளவு மோசமாகப் போனதற்கு ஆபீஸில் வந்த புது ஏற்பாடும் ஒரு காரணம். குடிநீர் அலுவலகத்துப் புகார்ப் பிரிவில் என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும், தண்ணீர் வராத வீட்டுக்காரர்கள் திட்டுவதை வாங்கிக்கொள்வது, வாங்கிக்கொண்டு பம்ப் ஹவுஸுக்குச் சொல்வது. முன்பு ஒரு கையில் ரிசீவர் இருக்கும், இன்னொரு கைதான் சும்மா இருக்கும், அதனால் சேதமும் பாதிதான். போன வருஷம் எல்லோருக்கும் தலையில் மாட்டும் ஹெட்போன் கொடுத்துவிட்டார்கள், வசதியாக இருக்கட்டுமாம். எனக்கு இரண்டு கையும் சும்மாவாகி, ஒன்றை ஒன்று பிய்க்க ஆரம்பித்துவிட்டன. விஞ்ஞானம் வளர வளர என் தோல் தேய்ந்தது.

உன் அம்மா உடனே வைத்தியத்தில் இறங்கினாள். மருந்துக்கடையில், நகம் கடிக்கிற பிள்ளைகளுக்குத் தடவும் கசப்பு மருந்து வாங்கி என் பத்து விரலிலும் தடவிவிட்டாள். நான் அதை மறந்துபோய் காலையில் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டுவிட்டு, ரொட்டி கெட்டுப்போய்விட்டது என்று பேக்கரிக்காரரிடம் போய்ச் சத்தம் போட்டேன். பாவம் அந்த மனுஷன், அதே ரொட்டியில் ஒரு துண்டை என் கண் முன்னாலேயே தின்று காட்டினார், அன்றிலிருந்து அந்தத் தெருப் பக்கமே நான் போவதில்லை. அடுத்தது பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை, மஞ்சள் நிறம், முழங்கை வரைக்கும். அதைப் போட்டுக்கொண்டு போன அன்றைக்குப் பார்த்தா எங்கள் மேலதிகாரி சோதனைக்கு வர வேண்டும்? கழிவறை கழுவ வந்த ஆள் என்று நினைத்து, இரண்டாவது மாடியில் அடைப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம்தான் வெட்கத்தை விட்டுவிட்டு ஒரு தோல் டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். திட்டப் போகிறார் என்று கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் திட்டவில்லை. "உங்களை நீங்களே திட்டிக்காதீங்க, திட்டத் திட்ட அந்தக் கை மறுபடியும் விரலைத்தான் தேடும்" என்றார். எந்த நேரத்தில் பிய்க்கிறீர்கள் என்று கேட்டார். ஜனங்கள் என்னைத் திட்டும்போதுதான் என்று நான் அடித்துச் சொன்னேன். "எதுக்கும் கவனிச்சுப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். நம் கை செய்வதை நாமே கவனிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. அதனால் பக்கத்து நாற்காலிக்காரனிடம் சொல்லி வைத்தேன். அவனுடைய குரலுக்காக நாங்கள் அவனைச் சைரன் என்றுதான் கூப்பிடுவோம். என் கை விரலுக்குப் போகும்போதெல்லாம் "சார், விரல்!" என்று ஒரு கத்து கத்துவான். ஒரு தடவை புகார் சொல்லிவிட்டு லைனில் காத்திருந்த ஒரு அம்மா பயந்துபோய், "என்னது, குழாயில விரலா வந்துச்சு?" என்று கேட்டார். அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

ஆனால் சைரன் கத்திக் கத்தி ஒரு உண்மை வெளியே வந்தது. திட்டு வாங்கும்போது என் கை சமர்த்தாகத்தான் இருக்கிறது. திட்டி முடித்த பிறகு, பம்ப் ஹவுஸ்காரர் போனை எடுக்கட்டும் என்று காத்திருக்கிறேன் பார், அந்த நேரத்தில்தான் பிய்க்கிறேன். வீட்டிலும் அப்படியேதான். உனக்கு ரிங் போகும், நீ எடுக்க மாட்டாய், வேலையாக இருப்பாய், தூங்கிக்கொண்டிருப்பாய், அது என் மூளைக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. என் மகள் அவ்வளவு தூரத்தில் எப்படி இருக்கிறாளோ என்ற பயம் எல்லாம் கட்டைவிரல் நுனிக்கு வந்துவிடுகிறது. டாக்டரம்மாவிடம் போய் இதைச் சொன்னேன். அவர், "அப்போ காத்திருக்கிற நேரத்துக்கு அந்த விரலுக்கு வேற வேலை கொடுத்துடலாம்" என்றார், ரொம்பச் சாதாரணமாக.

வேலை எங்கள் ஆபீஸ் ஸ்டோரிலேயே கிடைத்தது. குழாய்க்குள் போடும் ரப்பர் வாஷர். பழைய ரிசீவரையும் கெஞ்சிக் கூத்தாடித் திரும்ப வாங்கிவிட்டேன். ஒரு கையில் ரிசீவர், இன்னொரு கையில் வாஷரை உருட்டிக்கொண்டே இருப்பேன். நகத்தை ஒட்ட வெட்டிவிடுவது, படுக்கும் முன் கிரீம் தடவுவது, இதெல்லாம் உன் அம்மாவின் பொறுப்பு. நடுவில் ஒரு நாள் பெரிய குழாய் உடைந்து பாதி ஊரே போன் பண்ணியது. சாயந்திரம் பார்த்தால் ஆட்காட்டி விரல் பழையபடி ரத்தக்களரி. எல்லாம் போச்சு என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா கத்துவாள் என்று பார்த்தேன். அவள் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மருந்து போட்டாள். "ஒரு விரல்தானே போச்சு, ஒன்பது இருக்கில்ல, இதுவும் வளரும், எழுந்து முகம் கழுவுங்க" என்றாள். வளர்ந்தது. தோலுக்கு நம்மைப் போல மனக்கசப்பெல்லாம் கிடையாது, விட்டால் போதும், அது பாட்டுக்கு வளர்கிறது.

நேற்று மறுபடி விசா அலுவலகத்துக்குப் போனோம். சைரன் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தான். அதே கவுண்டர், அதே பெண். ஒன்பது விரலுக்கும் பச்சை விழுந்தது. வலது கட்டைவிரலுக்குச் சிவப்பு. இரண்டாவது தடவையும் சிவப்பு. அந்தப் பெண் என் விரலைத் தன் கையாலேயே பிடித்து லேசாக அழுத்தி, "மூச்சை விடுங்க சார்" என்றாள். மூச்சை விட்டேன், பச்சை! சைரன் போட்ட கூச்சலில் வாசலிலிருந்த காவலாளி உள்ளே ஓடி வந்துவிட்டார். உன் அம்மா எங்கள் இருவரையும் தெரியாதவள் போல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள், ஆனால் முந்தானையால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்துவிட்டேன். விசாவோடு பாஸ்போர்ட் அடுத்த வாரம் கைக்கு வந்துவிடும் என்றார்கள், வந்ததும் டிக்கெட் போட்டுவிட வேண்டியதுதான்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, ரொம்ப நேரம் நின்றுகொண்டே வேலை பார்க்காதே, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு. ஆஸ்பத்திரிக்கு வேண்டிய பையைக் கட்டி வாசல் பக்கமாக வைத்துவிடு, மாப்பிள்ளையை நம்பினால் பை ஒரு இடத்திலும் நீ ஒரு இடத்திலும் இருப்பீர்கள், அவரிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டாம். நான் கூப்பிடும்போது போனை எடுக்க முடியாவிட்டால் அதற்காகப் பதறிக்கொண்டு ஓடி வராதே, எனக்குத்தான் இப்போது உருட்ட ஏதோ ஒன்று இருக்கிறதே.

ஒரே ஒரு கவலை பாக்கி. அங்கே வந்து இறங்கியதும் இன்னொரு தடவை விரலை வைக்கச் சொல்வார்களாம், சைரன்தான் விசாரித்துச் சொன்னான். விமானத்தில் அத்தனை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், காத்திருப்பது தவிர வேறு வேலையே கிடையாது. பை நிறைய வாஷர் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அதற்கு உன் அம்மா, "வாஷர் எதுக்கு? நான் இல்ல? ரெண்டு கையையும் நான் பிடிச்சுக்கிறேன்" என்றாள். கல்யாணத்தில் போட்டோக்காரர் சொன்னார் என்று பிடித்ததுதான் குட்டிம்மா, அதற்குப் பிறகு நாலு பேர் பார்க்க அவள் என் கையைப் பிடித்ததே இல்லை.

நீயும் குழந்தையும் நோய் நொடி இல்லாமல், நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரிந்து எழ வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை, ஆசீர்வாதம் எல்லாம். விமான நிலையத்து வாசலில் நாங்கள் கைகோத்துக்கொண்டு வருவதைப் பார்த்தால் சிரித்துவிடாதே. நீ சிரித்தால் அவள் கையை விட்டுவிடுவாள்.

இப்படிக்கு,
கிளம்பத் தயாராக இருக்கும்
உன் அப்பா