செவ்வாய், வியாழன், இரண்டு மணி

செப்டம்பர் 4

மதியம் லிண்டி ஹவ்ரனெக் என் அறைக்கு வந்தாள். எங்கள் இரண்டாண்டுக் கல்லூரியில் இது அவளுக்குக் கடைசி ஆண்டு. என் கூடைப்பந்து அணியில் ஆறடி உயரமுள்ள ஒரே பெண். உடற்கூறியல் ஆய்வக வகுப்பு செவ்வாயும் வியாழனும் இரண்டு மணிக்கு. இந்த வாரம் தொடங்கிய எங்கள் பயிற்சியும் அதே நேரம்.

"என்ன பண்ணட்டும் கோச்? நர்சிங் சேர அது வேணுமே."

"ஜனவரியில எடுத்துக்க. இப்ப பேச்சுக்கலை எடு, லேசா இருக்கும்."

விலகல் படிவத்தை நானே நிரப்பினேன். அவள் கையெழுத்து மட்டும் போட்டாள். நர்சிங் விண்ணப்பத்துக்கு மே பத்து கடைசி நாள். அதற்குள் உடற்கூறியலை முடித்திருக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. ஜனவரியில் எடுத்தால் போதுமே.

செப்டம்பர் 12

உணவுக்கூட வரிசையில் உயிரியல் ஆசிரியர் ஆரின் பெல் எனக்குப் பின்னால் நின்றார்.

"வெர்லா, என் வகுப்புலேந்து லிண்டியை நீதான் கூட்டிட்டுப் போனியா?"

"அவளா எடுத்த முடிவு."

"ரெண்டு வாரம்தான் வந்தா. அதுக்குள்ள என்னைத் திணற அடிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டா."

சூப்பை வாங்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்.

நவம்பர் 30

வென்றோம். லிண்டி மட்டும் இருபத்தாறு புள்ளி.

ஜனவரி 10

இந்தப் பருவமும் ஆய்வகம் அதே நேரம்தான். பயிற்சியைக் காலைக்கு மாற்றலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். நடு சீசனில் எப்படி? தொடர்ந்து ஒன்பது ஆட்டம் ஜெயித்திருக்கிறோம்.

"கோடையில எடுக்கலாம்" என்றேன் லிண்டியிடம். கோடை வகுப்பு ஜூனில்தான் தொடங்கும்.

"சரி கோச்."

சரி என்று சொல்கிற பெண்ணிடம் எதையும் கேட்டுவிட முடிகிறது.

மார்ச் 7

கோப்பை. பதினான்கு வருடத்தில் முதல் தடவை. பேருந்தில் பெண்கள் தொண்டை கட்டுமளவு பாடினார்கள். லிண்டி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாலு வருஷக் காலேஜ்லேந்து யாராவது அவங்க டீமுக்கு என்னைக் கேட்டாங்களா கோச்?"

"கேப்பாங்க."

ஆள் எடுக்க அந்தக் கல்லூரிகளிலிருந்து ஆட்டம் பார்க்க வந்த இருவரும் வேறொரு பெண்ணைத்தான் விசாரித்தார்கள்.

மே 16

பட்டமளிப்பு விழா. அங்கியோடு நேராக என்னிடம் வந்தாள்.

"நர்சிங் ஆபீஸ்ல என் விண்ணப்பத்தையே வாங்கல. உடற்கூறியலை முடிச்சிருக்கணுமாம். உங்களுக்கு அது தெரியுமா கோச்?"

"தெரியாது" என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவள் அப்பா தங்களோடு புகைப்படத்துக்கு நிற்கக் கூப்பிட்டார். மூவரும் சிரித்துக்கொண்டு நின்றோம்.

மே 17

ஏன் அப்படிச் சொன்னேன்? ஏன்?

ஆகஸ்ட் 21

பயிற்சி இனிமேல் காலை ஆறு மணிக்கு என்று அறிவித்தேன். பெண்கள் முனகினார்கள். "கோச்சுக்குத் தூக்கம் வரலைன்னா நாங்களும் முழிச்சிருக்கணுமா?" என்று பின்வரிசையில் ஒருத்தி. உண்மையைத்தான் சொன்னாள்.

மதியம் பெல் தன் தட்டை என் எதிரில் வைத்து உட்கார்ந்தார். மழை இல்லாததைப் பற்றிப் பேசினோம்.

அக்டோபர் 19

ஊருக்கு வெளியே உள்ள இறைச்சி ஆலைக்குக் காரில் போனேன். லிண்டி அங்கே பொட்டலம் கட்டும் பிரிவில் இருக்கிறாள். இடைவேளையில் வலை போட்ட தலையோடு வெளியே வந்தாள்.

"லிண்டி, அன்னைக்குத் தெரியாதுன்னு சொன்னேன். தெரியும். செப்டம்பர்லயே தெரியும்."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும் கோச். கேக்கறதுக்கு முன்னாடியே தெரியும்."

"அப்புறம் எதுக்குக் கேட்ட?"

"நீங்களே சொல்லுவீங்களான்னு பாத்தேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் உறுத்துகிறது. "மணி அடிக்கப் போவுது. வந்ததுக்கு தேங்க்ஸ்" என்று உள்ளே போய்விட்டாள். ஆலை மணி அடித்த பிறகுதான் வண்டியைக் கிளப்பினேன்.

டிசம்பர் 8

இன்று பெல் சொன்னார். லிண்டி தொண்ணூறு மைல் தள்ளி வேறொரு கல்லூரியில் ஜனவரியில் சேர்கிறாள். உடற்கூறியலில் தொடங்கி, நர்சிங்குக்கு. சேர்வதற்குப் பழைய ஆசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டுமாம்.

நான் எழுத வேண்டியதை மனதுக்குள் அடுக்க ஆரம்பித்துவிட்டேன். எல்லாருக்கும் முன்னால் வந்து, கடைசியாகப் போகும் பெண். வலித்தால் சொல்லமாட்டாள், பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்—

"என்கிட்டத்தான் கேட்டா. நேத்தே அனுப்பிட்டேன்" என்றார் பெல்.

அவர் வகுப்பில் அவள் இரண்டு வாரம்தான் இருந்தாள். என்னிடம் இரண்டு வருடம்.

"நல்லா எழுதினீங்களா?" என்று கேட்டேன்.

"நல்லாவே எழுதினேன் வெர்லா" என்றார்.