துவைக்காத கவுன்

எச்சில் கையால் காக்கா ஓட்டாத எங்க அருமைச் சின்னம்மாவுக்கு,

நீங்க போய்ச் சேர்ந்து வர்ற மாசத்தோட ஒரு வருசம். மலையில் மழை இன்னும் விடவில்லை. உங்க காம்பரா அறையில் கூரைத் தகரம் அதே இடத்தில்தான் ஒழுகுது. தார் பூசினால் என்ன என்று கேட்டதுக்கு, "சட்டி வச்சா போதும்டி, தண்ணியும் மிச்சம்" என்று சொன்ன ஆள் நீங்க. அந்தச் சட்டியும் அங்கேயேதான் இருக்கு.

தெவச நோட்டீசுக்கு உங்களைப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதச் சொல்லி லயத்து வீடுகளில் எல்லாரும் நச்சரிக்கிறாங்க. நாலுக்கு நான் எங்கே போவேன்? மூணாம் வகுப்போட கொழுந்துக் கூடையைத் தூக்கினவள் நான். உள்ளதைத்தான் எழுத வரும்.

கவுனில் இருந்து ஆரம்பிக்கிறேன். எந்தக் கவுன் என்று உங்களுக்குத் தெரியும்.

எனக்கு ஆறு வயசு. அம்மா செத்து, அப்பா உங்களைக் கட்டிக்கிட்டு வந்தார். கையில் ஒரு தகரப் பெட்டி. உங்க மகள் செல்வி காய்ச்சலில் போய் ஆறு மாசம்கூட ஆகவில்லை என்று லயத்தில் பேசிக்கிட்டாங்க. என்னோட நீங்க ஒரு வார்த்தை பேசவில்லை. மூணாம் நாள் அந்தப் பெட்டியைத் திறந்து, அவள் போட்ட கவுனை எடுத்து, துவைக்காமலே என் தலைவழியா மாட்டி விட்டீங்க. கழுத்தில் எண்ணெய்ப் பிசுக்கு, கக்கத்தில் வேர்வைக் கறை. செத்த பிள்ளையோட அழுக்கு. அப்புறம் தினமும் பேன் பார்க்கிற சாக்கில் என் உச்சந்தலையில் மூக்கை வச்சு அழுத்துவீங்க. பேனை மூக்காலயா பிடிப்பாங்க?

நாப்பது வருசமா இந்தக் கதையை நான் சொல்லாத வீடு இல்லை. "புதுசு வாங்க மனசு இல்ல, பழசைத் துவைக்க உடம்பு வளையல. ஒரே கவுன்ல ரெண்டு கேவலம்" என்பேன். தண்ணி பிடிக்கிற பீலிக்கரையே சிரிக்கும். உங்க காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னதும் உண்டு. நீங்க திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. ஒரு தடவையாவது பதில் சொல்லியிருக்கக் கூடாதா?

சரி, இப்ப உள்ள சேதிக்கு வர்றேன். போன மாசம் மாரிமுத்து அண்ணனோட பசு தண்ணி ஓடுற கானில் விழுந்து கழுத்து ஒடிஞ்சு செத்தது. அதோட கன்று மட்டும் மிச்சம். போத்தல் பாலை அது தொடவே இல்லை, ரெண்டு நாளில் காது தொங்கிப் போச்சு. அந்த நேரம் பார்த்து நம்ம லெச்சுமி ஈன்ற கன்று பிறந்த அன்னைக்கே செத்தது. இங்கே மடி நிறையப் பால், அங்கே பட்டினி. கொண்டு வந்து விட்டோம். லெச்சுமி ஒரே ஒரு மோப்பம் பிடிச்சு, விட்டது ஒரு உதை. கன்று பட்டிச் சுவரில் போய் விழுந்தது.

கொட்டகலையில் இருந்து மாட்டு டாக்டரைக் கூட்டி வந்தோம். யாழ்ப்பாணத்து மனுசன். துடைச்சு வச்ச சப்பாத்து, சாணியைக் கண்டால் ஒரு எட்டுத் தாண்டுவார். "பசு வேற கன்றை ஏற்காது அம்மா. இது தப்புறது கஷ்டம்" என்று சொல்லிட்டு, தேத்தண்ணியைப் பாதியில் வச்சுட்டுப் போயிட்டார். படிச்ச வாய்க்கு அவ்வளவுதான் வந்தது.

அப்பத்தான் உங்க பழைய கஞ்சத்தனம் ஒண்ணு ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளில் ஒரு தடவை, செத்த கன்றோட தோலை உரிச்சு இன்னொரு கன்றுக்குச் சட்டை மாதிரிக் கட்டினீங்களே. "தோலைக்கூட வீணாக்க மாட்டா கிழவி" என்று அதுக்கும் சிரிச்சவள் நான். லெச்சுமியோட கன்று இன்னும் மூலையில் சாக்கில் சுத்திக் கிடந்தது. உங்க மருமகன் கத்தியை என் கையில் குடுத்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டார். வீரர். நானே உரிச்சு, நானே கட்டினேன். லெச்சுமி மோந்தது. முதுகை மோந்தது, வாலடியை மோந்தது. அப்புறம் மெதுவா ஒரு நக்கு. கன்று மடியில் முட்டினது. உதை விழவில்லை.

மறுநாள் டாக்டர் வந்தார், கன்று செத்தாச்சா என்று பார்க்க. தோல்சட்டையைப் பார்த்து அப்படியே நின்னுட்டார்.

"ஆர் உங்களுக்கு இதைச் சொல்லித் தந்தது?"

"எங்க சின்னம்மா. கஞ்ச மகராசி. போய்ச் சேர்ந்துட்டாங்க."

"மூக்குக்குள்ள மண வாங்கிகள் எண்டு இருக்கு, அம்மா."

"அடி வாங்கிதான் டாக்டர் எனக்குத் தெரியும். நானே ஒண்ணு."

மனுசன் சிரிச்சுட்டார். அப்புறம் சாணியில் நின்னுக்கிட்டே சொன்னார். மணம் என்கிறது கண்ணுக்குத் தெரியாத துகளாம். ஒவ்வொரு துகளுக்கும் ஒரு வடிவமாம். மூக்குக்குள் நூத்துக்கணக்கான வகை வாங்கி இருக்காம். தன் குழிக்குப் பொருந்துற துகள் வந்து உட்கார்ந்தால் அந்த வாங்கி மூளைக்குச் சேதி அனுப்பும். ஒரே துகள் பல வாங்கிக்குப் பொருந்தும், ஒரே வாங்கி பல துகளையும் ஏத்துக்கும்.

எனக்குத் தலை சுத்தினது. "காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுல நிக்கிறோமே, அது மாதிரியா?" என்று கேட்டேன். "நாலு பேர் கை தூக்கினா ஒரு மணம். அதுல ரெண்டு கை இறங்கி வேற மூணு கை ஏறினா வேற மணம். எந்தெந்தக் கைன்னு பார்த்து கணக்கப்பிள்ளை பேர் எழுதுறாரு. மூளைதான் கணக்கப்பிள்ளை. சரியா?"

"ஓம். எனக்குப் படிப்பிச்ச ஆக்கள் இவ்வளவு லேசாச் சொல்லேல்லை."

"அவங்க பெரட்டுல நின்னிருக்க மாட்டாங்க."

மாட்டோட பெரட்டில் நம்மளை விட ரொம்பப் பெரிய கூட்டமாம். ஈன்ற கொஞ்ச நேரத்துக்குள் நக்கி நக்கியே, தன் கன்றுக்கு எந்தெந்தக் கை ஏறும் என்று பதிச்சு வச்சுக்குமாம். "இந்தத் தோல் அதே கைகளைத் தூக்க வைக்குது. அதுக்குள்ள புதுக் கன்றின்ர மணமும் பசுவுக்குப் பழகும். பழகினாப் பிறகு தோலைக் கழட்டுங்கோ. அவசரப்பட்டுக் கழுவினா எல்லாம் போச்சு" என்றார்.

கழுவினா எல்லாம் போச்சு. நான் பால் வாளியைக் கீழே வச்சுட்டேன், சின்னம்மா.

நாலாம் நாள் தோலைக் கழட்டி, கன்றை வெந்நீரில் துடைச்சு விட்டேன். லெச்சுமி மோந்தது. ரொம்ப நேரம் மோந்தது. நான் கயித்தை இழுத்துப் பிடிச்சிருந்தேன். அப்புறம் அது கன்றோட காதை நக்கினது. "மாட்டைப் பார்த்து எதுக்கு தங்கச்சி அழற?" என்று மாரிமுத்து அண்ணன் கேட்டார். கண்ணில் தூசி என்றேன்.

அந்தக் கவுனை நான் ஒரு மாசம் போட்டிருப்பேன். அப்புறம் ஒரு நாள் என்னைப் பீலிக்கரைக்கு இழுத்துப் போய், அதைக் கழட்டி, சவர்க்காரம் போட்டு, கல்லில் அடி அடி என்று அடிச்சீங்க. பிழிஞ்ச கவுனை முகத்தில் வச்சு மோந்தீங்க. அதில் சவர்க்கார வாசம் மட்டும்தான் இருந்திருக்கும். பிறகு வெறும் உடம்போட நின்ன என் பக்கம் திரும்பி, முதல் தடவையா என்னைத் திட்டினீங்க. "வாடி மூதேவி, குளிர்ல நிக்கிற."

கதையில் இந்த இடத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்புக் கெட்டுப் போகும். செல்வியோட கடைசி வாசத்தை உங்க கையாலேயே தண்ணியில் விட்டீங்க. என்னைப் பார்த்துத்தானே?

இதனால் மத்ததெல்லாம் சரியாப் போச்சு என்று நினைச்சுடாதீங்க. ஒரு கருவாட்டை ஆறு பேருக்குப் பிய்ச்ச கையை நான் மறக்கவில்லை. பீலிக்கரையில் கவுன் கதையை இனியும் சொல்லத்தான் செய்வேன். ஆனால் துவைச்ச இடம் வரைக்கும் சொல்வேன், சத்தியமா. நோட்டீசிலும் மகள் என்று என் பேரை மட்டும் போட விடமாட்டேன். மேலே செல்வி. அதுக்குக் கீழேதான் நான்.

உங்க மூக்குக்குப் பழகிப்போன ரெண்டாவது மகள்,
பாக்கியம்