பசை படாத வளையம்

உன் பெட்டியிலிருந்து வந்த வளையம் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. மூக்குக்கண்ணாடிக் கடையில் மதிய நேரம், ஆள் வரத்து இல்லை. கண்ணாடி வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இதன் விளிம்பை விரலால் தடவிப் பார்க்கிறேன். வழுவழுவென்று இருக்கிறது. பிசுபிசுப்பு ஓர் இடத்தில்கூட இல்லை. இத்தனை வருடத்தில் பசை காய்ந்து உதிர்ந்திருக்கும் என்று வேறு யாராவது சொல்லலாம். டேப் ஒட்டிப் பிய்த்த அட்டை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருக்கிறது.

போன ஞாயிறு உன் மனைவி ரீத்தாதான் கொடுத்தாள். உனக்கு ஓராண்டுப் பூசை முடிந்துவிட்டது. கிள்ளான் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு போய் இருக்கப் போகிறாள். “அவரோட டெலஸ்கோப் சாமான்லாம் நீங்களே எடுத்துக்குங்கண்ணே, எனக்கு எதுக்கு” என்று ஒரு பிஸ்கட் டின்னை நீட்டினாள். அவள் காப்பி கலக்க உள்ளே போனபோது திறந்தேன். சிவப்புத் தாள் சுற்றிய டார்ச் லைட், நிலாப் படம், இரண்டு லென்ஸ். எல்லாவற்றுக்கும் அடியில், பழைய பனியன் துணியில் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டு, இந்த வளையம். லோங்காங் சாக்கடையில் விழுந்து தண்ணீரோடு போய்விட்டது என்று நீதானே சொன்னாய்?

கடைக்கு வருகிறவர்களுக்கு இது என்னவென்று தெரியாது. காலையில் ஓர் அக்கா பாத்திர மூடியா என்று கேட்டார். கெட்டி அட்டையில் நான் செய்த வளையம். நடுவில் வெள்ளித்தாள் மாதிரி ஒரு ஃபில்டர். தொலைநோக்கியின் முன்வாயில் இதை மாட்டினால்தான் சூரியனைப் பார்க்க முடியும். இது இல்லாமல் பார்த்தால் கண் போய்விடும். நாம் இரண்டு பேரும் எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருப்போம்.

உன் வீட்டு அடுக்குமாடிக்குப் பக்கத்துத் திடலில்தான் நம் கூட்டம். தொலைநோக்கிக் குழாய் என்னுடையது, வாய் உன்னுடையது. சனிக்கிழமை ஏழரை மணிக்கு நான் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயிலில் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள் நீ பத்துப் பேரையாவது கூட்டி வைத்திருப்பாய். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டி ஓட்டி உன் குரல் எப்போதும் எஞ்சின் சத்தத்துக்கு மேலேதான் நிற்கும். சனி கிரகத்தைக் காட்டுகிறோம் என்றால் சிலர் பயந்து ஒதுங்குவார்கள். ஏற்கெனவே ஏழரை நாட்டுச் சனியில் இருக்கிறோம், அதை வேறு போய்ப் பார்ப்பானேன் என்பார்கள். “அவரு உங்கள தினம் பாக்குறாருல்ல, ஒரு நாள் நீங்க பாருங்களேன்லா” என்று கையைப் பிடித்து இழுத்து வருவாய். ஓர் அங்கிள் மூன்று வாரம் தூரத்திலேயே நின்று பார்த்துவிட்டு, “காசு வாங்க மாட்டேங்கிறீங்க, அப்ப என்னமோ விக்கத்தான் போறீங்க” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனது ஞாபகம் இருக்கிறதா?

விளையாட்டெல்லாம் அதோடு சரி. வேலை தொடங்கிவிட்டால் நீ வேறு ஆள். இரண்டு வழக்கங்களை நீ கொண்டு வந்தாய், முதலாவது உன் லோரியிலிருந்து வந்தது. கண்டெய்னரை லோரியில் ஏற்றியதும் நான்கு மூலையிலும் லாக் போட வேண்டும். போட்டாயிற்றா என்று ஒருவர் கேட்க வேண்டும், போட்டவர் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். தலையாட்டினால் போதாது. அதையே திடலுக்குக் கொண்டுவந்து, சூரியனைக் காட்டும் நாளில் குழாயைத் திருப்புவதற்கு முன் என்னைக் கேட்பாய்: “டேப் ஒட்டிட்டியா?” வளையம் காற்றில் கழன்றுவிடக் கூடாதென்று நான்கு பக்கமும் டேப் ஒட்டுவது என் வேலை.

இரண்டாவது வழக்கம், ஒவ்வொரு ஆளுக்கும் முன்னால் நம்மில் ஒருவர் பார்த்துவிட வேண்டும். “ஏதாச்சும் கோளாறுன்னா மொதல்ல நம்ம கண்ணு போகட்டும். வந்தவங்க கண்ணு போகக் கூடாது” என்பாய். சிரித்துக்கொண்டுதான் சொல்வாய்.

அந்த டிசம்பர் கிரகணத்துக்கு நீ இரண்டு மாதம் அலைந்தாய். நம் ஆட்கள் கிரகணம் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுகிறார்கள், ஒரு தடவையாவது வெளியே கூட்டிவந்து காட்டிவிட வேண்டும் என்று உனக்கு ஒரு வெறி. மாடி மாடியாக ஏறினாய். நாலாவது மாடியில் ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, பார்க்க ஆசைப்பட்டாள். அவள் மாமியாரோ உன்னை வாசலிலேயே நிறுத்தி வைத்துத் திட்டித் தீர்த்தார். “ஆன்டி, பிள்ளைக்கு ஒன்னும் ஆகாது. எதாச்சும் ஆனா என்னைக் கேளுங்க” என்று நீ சொல்லிவிட்டு வந்தாய்.

அன்று மதியம் திடலில் எண்பது பேருக்கு மேல். நம் கூட்டத்துக்கு அது திருவிழா. எனக்கும் தலைகால் புரியவில்லை. குழாயை நிறுத்தினேன், வளையத்தை மாட்டினேன். மூடி மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. நானே அளந்து நானே வெட்டியதாயிற்றே. டேப் என் பையில்தான் இருந்தது. ஆனால் போன தடவை ஒட்டிய பசையைக் குழாயிலிருந்து துடைக்க எனக்கு அரை நாள் போயிருந்தது. வெள்ளைக் குழாயில் அந்த மஞ்சள் கறை எனக்கு ஆகவே ஆகாது. இவ்வளவு இறுக்கமாக இருக்கும்போது டேப் எதற்கு என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்தால் எழுதியிருப்பேன்.

வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டே நீ திரும்பிக் கேட்டாய், “ஒட்டிட்டியா?”

“ஆச்சு” என்றேன்.

ஒரு மணி நேரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. கடித்து வைத்தது போலிருந்த சூரியனைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவரும் முகம் மலர்ந்து நகர்ந்தார்கள். பிறகு அந்தக் கர்ப்பிணியின் முறை வந்தது. மாமியாருக்குத் தெரியாமல் சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நான் ஐந்தடி தள்ளி, கிரகணம் பார்க்கும் அட்டைக் கண்ணாடி கொடுத்துக்கொண்டிருந்தேன். மேற்கே மழை கட்டியிருந்தது, மழைக்கு முந்தின காற்று திடீரென்று அடித்தது. “இரும்மா, நான் பாத்துக்கிறேன்” என்று நீ குனிந்தாய். வளையம் கழன்று புல்லில் உருண்டு போவதை நான் பார்த்தேன். கத்துவதற்குள் நீ தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டுவிட்டாய்.

நீ கத்தவில்லை. வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, மறு கையால் அவளைப் பின்னால் தள்ளினாய். குழாயைத் தரையைப் பார்க்கத் திருப்பினாய். பிறகுதான் பேசினாய். “டேப்பு விட்டுருச்சு, காத்து. ஒன்னும் இல்ல, எல்லாரும் கையில இருக்க கண்ணாடிய போட்டுப் பாருங்க.” சிரித்த மாதிரிகூட இருந்தது. வளையத்தைத் தேடிக்கொண்டு லோங்காங் பக்கம் போனவன், வெறுங்கையோடு வந்து, தண்ணீரில் போய்விட்டது என்றாய். அதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. உன் கண்ணைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அந்த நிம்மதி வந்துவிட்டது. எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதத்தான் வேண்டும்.

திங்கட்கிழமை கடைக்கு வந்தாய். முதலாளி இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருந்தாய். இடது கண்ணை மூடி, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். “பலகை தெரியுது. சுத்தி செவுரு தெரியுது. நான் எத பாக்குறனோ அது மட்டும் இல்லடா” என்றாய். என் முகத்தைப் பார்க்கச் சொன்னேன். “காது ரெண்டும் இருக்கு” என்றாய். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம், டாக்டர் படம் எடுத்துக் காட்டினார். விழித்திரை நடுவில் வெந்துபோயிருக்கிறது, இனிப் பார்வை வராது என்றார். திரும்பி வரும் ரயிலில் நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: “யார்கிட்டயும் சொல்லாத. கிரகணத்தால போச்சுன்னுதான் சொல்லுவாங்க. அப்பறம் ஒருத்தன் வெளிய வர மாட்டான்.”

மறைக்க எத்தனை நாள் முடியும்? லோரி லைசென்ஸ் புதுப்பிக்கும் காலம் வந்தது, இரண்டு கண்ணையும் தனித்தனியாகப் பரிசோதித்தாக வேண்டும். அப்போது நான் செய்ததுதான் எல்லாவற்றிலும் கேவலம். எழுத்துப் பலகையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். மனப்பாடம் பண்ணிக்கொள், ஆறே வரிதான், யாருக்கும் தெரியாது என்றேன். நீ தாளை வாங்கி மடித்து என் சட்டைப்பையிலேயே திரும்ப வைத்தாய்.

“பின்னால நாப்பது டன்னு வருதுடா. முன்னால போற மோட்டார்காரன் எவ்வளவு தூரத்துல இருக்கான்னு ஒத்தக் கண்ணுல தெரியாம நான் ஓட்டணுமா?”

நான் தேநீர் டம்ளரைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

“லாக்கு போடாம போட்டாச்சுன்னு சொல்றதுதானே அது” என்றாய்.

என் கண்ணையே பார்த்துச் சொன்னாய், அதாவது மிஞ்சிய ஒற்றைக் கண்ணால். நான் உண்மையைச் சொல்லட்டும் என்று நீ திறந்துவைத்த கதவு அது. நான் தேநீர் ஆறிப்போச்சு என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. லோரி போனது. ஒரு கிடங்கு வாசலில் காவல் இருக்கும் ஜாகா வேலைக்குப் போனாய், பாதிச் சம்பளம்கூட இல்லை. விஷயம் அடுக்குமாடிக்குத் தெரிந்தது. “நான்தான் சொன்னேனே, கிரகண தோஷம்” என்று அந்த மாமியார் மாடி மாடியாகச் சொன்னார், நீ ஏறிய அதே மாடிகளில். மருமகளுக்கு நல்லபடியாகப் பெண் பிறந்ததை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமைத் திடல் காலியானது. நான் வாயைத் திறந்திருந்தால் பழி கிரகணத்தின்மேல் விழுந்திருக்காது. என்மேல் விழுந்திருக்கும். நீ ஆசைப்பட்டுக் கட்டியது மிஞ்சியிருக்கும். அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

ஞாயிறுதோறும் பூசை முடிந்து வரும் உன்னைப் பார்க்க நான் வந்துகொண்டிருந்தேன். தோசை சாப்பிட்டோம், பந்து விளையாட்டைப் பேசினோம், உன் சர்க்கரையைத் திட்டினோம். நான் கிளம்பும்போதெல்லாம் வீட்டு வாசல் கேட் வரை வருவாய். செருப்பு மாட்டுகிற நேரத்தில் எதுவும் பேசாமல் நிற்பாய். எனக்கு அது சங்கடமாக இருக்கும். ஒரு கண் தெரியாதவன் எதற்கு வாசல் வரை வருகிறான், உள்ளேயே இருக்கலாமே என்று நினைத்ததுண்டு. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஜாகா கொட்டகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்று போன் வந்தது.

போன ஞாயிறு ரீத்தா காப்பியோடு வந்தபோது வளையம் என் கையில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். டம்ளரை மேசைமேல் வைத்தாள்.

“ரீத்தா, அன்னிக்கு நான் டேப் ஒட்டலம்மா. ஒட்டிட்டேன்னு பொய் சொன்னேன்.”

“தெரியும்ணே.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். குரல் உயரவில்லை.

“அன்னிக்கு ராத்திரியே சொல்லிட்டாரு. யாருக்கும் தெரியாம ஒளிச்சு எடுத்துட்டு வந்த இதக் காட்டி, பாரு, பசையே இல்லன்னாரு. நான் சண்டை போட்டேன். நானே போயி உங்கள கேக்குறேன்னேன். வேணாம், அவனா சொல்லணும், நாம கேட்டு வாங்கக் கூடாதுன்னுட்டாரு. நீங்க ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போனதும் கேட் பூட்டிட்டு வருவாரு. அண்ணன் சொன்னாரான்னு கேப்பேன். இன்னும் இல்ல, சொல்லுவான்னுவாரு. கடைசி ஞாயிறும் அதேதான். இன்னிக்கு வாய் வரைக்கும் வந்துச்சு ரீத்தா, அடுத்த வாரம் சொல்லிருவான்னாரு.”

காப்பி என் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. கேட்கத் தகுதியில்லாத ஒன்றைக் கேட்டேன். அவன் என்னை மன்னித்துவிட்டானா என்று.

“நீங்க சொன்னாதானேண்ணே மன்னிக்க முடியும்” என்றாள் ரீத்தா.

டின்னை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கேட் வரை யாரும் வரவில்லை.

வருகிற சனிக்கிழமை அந்தத் திடலுக்கு வேறு நான்கு பேர் குழாய் கொண்டுவருகிறார்கள், உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகிறேன். நாலாவது மாடிக்கும் ஏறப் போகிறேன். அந்த மாமியார் இருந்தால் அவரிடம், மருமகள் இருந்தால் அவளிடம், கிரகணம் இல்லை, நான்தான் என்று சொல்லிவிட்டுத்தான் திடலுக்கு இறங்குவேன். அதனால் உனக்கு இப்போது ஒன்றும் ஆகப் போவதில்லை. எனக்கும் இலேசாகிவிடும் என்று நான் நம்பவில்லை. இந்த வளையத்தை உன் பனியன் துணியிலேயே சுற்றிப் பையில் வைத்துக்கொள்கிறேன். இனி எந்தக் குழாயிலும் மாட்ட மாட்டேன், கையில் இருக்கட்டும். இனி யார் பார்ப்பதற்கு முன்னாலும் முதலில் குனிவது என் கண்ணாகத்தான் இருக்கும்.

அன்றைக்கு வரிசையின் நடுவிலிருந்து திரும்பி என்னைக் கேட்டாய். நான்கு வருடம் வாசலில் நின்று அதையேதான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய்.

இல்லடா. ஒட்டல.